மண் கலக்கும் பொறி

குயவர் களியைக் காலால் மிதித்துப் பதம் காண்பதை நாம் அறிவோம். அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு அம்முறை உதவாது. அதற்கு வேண்டியது சேறன்று, சற்றே ஈரங்கொண்ட உதிரிமண். 1950களில் கொலம்பியாவின் போகொட்டா நகரில், ராவுல் ராமிரெஸ் என்னும் சில்லி நாட்டுப் பொறியியலாளர் கைநெம்பினால் மண்கல் அழுத்தும் பொறியொன்றை ஆக்கினார். சூளையும் விறகும் வேண்டாத அம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. ஆயினும் அழுத்துவதிலும் கடினமானது, அதற்கு முன் மண்ணைக் கலப்பதே. இருபது பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சீமெந்து என்ற அளவில் சேர்க்கும்போது, அச்சிறு பங்கு எங்கும் சமமாகப் பரவாவிடின், மாரி மழையில் கல்லின் மூலை கரைந்துவிடும்.

கொங்கிறீற்றுக் கலவைப் பொறியின் சுழலும் உருளை இதற்குத் தகாது. ஈரக்களி அதனுள் உருண்டு, எலுமிச்சங்காய்போலத் திரளும். சீமெந்து உருண்டையின் மேலே படிய, உள்ளே வெறும் மண்ணே எஞ்சும். எனவே தொட்டி அசையாது நிற்க, உள்ளே துடுப்புகள் சுழல வேண்டும். இரும்புப் பீப்பாவொன்றை நீளவாட்டில் பிளந்து, ஊடே தண்டு செலுத்தி, துடுப்புகளைச் சரிவாகப் பொருத்தினால் தொட்டி ஆயிற்று. எரிபொருள் இருந்த பீப்பாவை மட்டும் தொடவேண்டாம். ஒட்டுவேலையின் தீப்பொறியில் அது வெடிக்கக்கூடும்.

தண்டைச் சுழற்றுவது எண்ணெய். எஞ்சின் பம்பியை இயக்க, பம்பி எண்ணெயை அமுக்கத்துடன் மோட்டருக்குச் செலுத்தும். சுற்றுக்கு 400 கன சென்ரிமீற்றர் எண்ணெய் கொள்ளும் மோட்டரை நிமிடத்துக்கு 40 முறை சுழற்ற, 16 லீற்றர் வேண்டும். வேகம் குறைவு, முறுக்கு வலுவோ பெரிது. துடுப்பிடையே கல் சிக்கினால், காப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பிவிடும், தண்டு முறியாது. அவ்வால்வைத் தளர்ந்த நிலையில் தொடங்கி, அமுக்கமானியைப் பார்த்தபடி சிறிது சிறிதாகவே இறுக்குக.

இனிச் சோதனை. முதலில் வெறுந்தொட்டியை ஓட்டி, இணைப்புகளில் கசிவு உண்டா எனப் பார்க்கவேண்டும். கையால் தடவிப் பார்த்தல் ஒருபோதும் ஆகாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் கையையே இழக்க நேரிடலாம். மட்டைத் துண்டொன்றை நீட்டிப் பார்த்தால் போதும். தொட்டியின் வாய்க்குக் கம்பிவலையும் இடுக. சுழலும் துடுப்பை நோக்கிக் கை நீளுவது மனித இயல்பு.

பின்னர் அரித்த உலர்மண்ணை இட்டு, ஒரு முனையில் மட்டும் சீமெந்தைக் கொட்டி ஓட்டுக. செம்மண்ணில் சாம்பல்நிறக் கோடுகள் தெரியும்வரை கலவை முடியவில்லை. இரு முனைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு பிடி எடுத்து நிறத்தை ஒப்பிடுக. நிறம் ஒன்றான பின்பே நீரைப் பூவாளியால் தெளிக்கவேண்டும்; ஒரேயிடத்தில் ஊற்றினால் மறுபடியும் உருண்டைகள்தாம். ஒரு பிடியை உருட்டித் தோளுயரத்திலிருந்து கட்டாந்தரையில் விடுக. தூளானால் ஈரம் போதாது. தட்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகை. நாலைந்து துண்டுகளாக உடைந்தால், சீமெந்து இறுகத் தொடங்குமுன் கல் அழுத்தத் தொடங்கலாம்.