மருந்தும் வேணும், மனசுவிட்டுப் பேச ஆளும் வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், தொழில் பத்தியெல்லாம் நாம நிறையப் பேசுறோம். மனசைப் பத்திப் பேச மட்டும் ஒரு தயக்கம். "அவளுக்கு என்னமோ பிடிச்சிருக்கு"ன்னு ஊர் சொல்லிருமோன்னு பயம். இன்னைக்கு அதைப் பத்திதான் பேச வந்திருக்கேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்க குழுவில் ஒரு அக்கா, உப்பளத்தில் கூலி வேலை. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. தண்ணி வடிஞ்சு ரெண்டு மாசம் ஆன பிறகும் அவங்களுக்குத் தூக்கம் வரலை. மேகம் கருத்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். அடுப்புப் பத்த வைக்கமாட்டாங்க. கூட்டத்துக்கு வர்றதும் நின்னுபோச்சு, தவணையும் நின்னுபோச்சு.

மாமியார், "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சா சரியாகும்" என்றார். மகன், "டாக்டரிடம் காட்டணும்" என்றான். பக்கத்து வீட்டு மதினி, "வேலை கிடைச்சாத் தானா சரியாயிரும்" என்றார். எல்லாரும் பாசத்தில்தான் சொன்னாங்க. ஆனா, எது சரின்னு சண்டை போட்டுக்கிட்டே இருந்ததில், அக்காவை ஒருத்தரும் எங்கேயும் கூட்டிட்டுப் போகலை.

சகோதரிகளே, இதில் ஒண்ணைத்தான் எடுக்கணும்னு யார் சொன்னா?

நம்ம கடற்கரையிலேயே வடக்கே இருக்கு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். அவர்களைப் பிரார்த்தனைக்குக் கூட்டி வந்தது தப்பில்லை. வைத்தியம் இல்லாமல் கட்டிப்போட்டதுதான் கொடுமை. அதற்குப் பிறகு அரசு மனநல மருத்துவர்கள் தர்கா பக்கத்திலேயே சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார்கள். துஆவும் நடக்கும், மருந்தும் நடக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதே குற்றம்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதே மாதிரி செய்தார். மருந்து தேவைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தார். கூடவே மனசு அடங்குறதுக்கு இந்துக்களுக்கு ஓம் சொல்லவும், கிறிஸ்தவர்களுக்கு ஜெபம் சொல்லவும், முஸ்லிம்களுக்கு திக்ர் சொல்லவும் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஆறுதல் சொல்ல ஆள் உண்டாக்கினார்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. நோய் முற்றினால் மருந்து வேணும். அது வேலை செய்ய ரெண்டு மூணு வாரம், சில நேரம் அதுக்கு மேலேயும் ஆகும். "கொஞ்சம் தேவலை"ன்னு பாதியில் நிறுத்தக்கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்கணும். மெதுவா மூச்சை இழுத்து, இன்னும் மெதுவா விட்டால் நெஞ்சுப் படபடப்பு தணியும். மனசுவிட்டுப் பேசினால் உள்ளே அடைச்சுக் கிடக்கிறது வெளியே வரும். சின்னச் சின்ன வேலைகளை மறுபடி தொடங்கினால் தன்மேல் நம்பிக்கை வரும். பிரார்த்தனை தெம்பு கொடுக்கும். கடன் நெருக்கடியைக் குறைக்காமல் "கவலைப்படாதே"ன்னு சொன்னா மட்டும் கவலை போகாது.

இதில் படிச்ச டாக்டர் செய்யவேண்டியது ஒரு பங்கு. மீதியில் நமக்கும் பங்கு இருக்கு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, வர்றவங்க கஷ்டத்தைப் பாட்டிமார் கேட்பார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு பிரச்சினையை எடுத்து, என்ன செய்யலாம்னு அவங்களையே யோசிக்க வைப்பார்கள். அந்த ஊரில் இந்த நோய்க்குப் பேரே "ரொம்ப யோசிக்கிறது". நாமளும் அப்படித்தானே சொல்றோம்? பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு மனச்சோர்வு நல்லாக் குறைஞ்சது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எங்க குழு என்ன செய்தது? அக்கா வீட்டுக்கு ரெண்டு பேர் போனோம். தவணையைப் பத்திப் பேசலை, பக்கத்தில் உட்கார்ந்தோம். மூணாவது தடவை போனப்போதான் வாய் திறந்து அழுதாங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மகனோடு நானும் போனேன். மாமியார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். அதையும் டாக்டரிடம் சொன்னோம், தடுக்கலை. குழுவில் தீர்மானம் போட்டு மூணு மாசத் தவணையைத் தள்ளி வைத்தோம். இப்பவும் மழை வந்தா அக்காவுக்குப் பயம் இருக்கு. ஆனா தூங்குறாங்க, பாத்தி வேலைக்குப் போறாங்க, கூட்டத்தில் கையெழுத்துப் போடுறாங்க.

ஆகவே, என் வேண்டுகோள் மூணு. ஒண்ணு, ஒரு உறுப்பினர் தொடர்ந்து ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா, நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி ஆள் போகணும். ரெண்டு, ஒரு குழுவுக்கு ரெண்டு பேர் காது கொடுத்துக் கேக்கிற பொறுப்பை எடுக்கணும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. மூணு, "செத்துப்போனா நல்லாருக்கும்"னு யாராவது சொன்னா, விளையாட்டா எடுக்காதீங்க. தனியா விடாதீங்க, அன்னைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். குழுத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வையுங்க.

இந்த மூணையும் இன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.