ஆபரேஷனுக்குப் பிறகு என்ன?

 

சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, ஒளு தங்கவில்லை என்று ஜமாஅத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கம்தான் காரணம். மாத்திரை போதாதபோது, சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி அடைப்பைச் செதுக்கி எடுக்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை.

"செய்தாலும் திரும்ப வருமாமே?" என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள். சுரப்பியின் உட்பகுதியை மட்டுமே எடுப்பதால் மீதி வளரலாம். ஆனால் ஆஸ்திரியாவில் 20,000-க்கும் அதிகமானோரைக் கவனித்ததில், 8 ஆண்டுகளுக்குள் மறுபடி அதே ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 100-க்கு 7 பேர் அளவில்தான். குழாய்ச் சுருக்கம் போன்றவற்றுக்கான சிகிச்சைகளையும் சேர்த்தால் 15 பேர்.

நாம் பயப்பட வேண்டியது தாமதத்துக்குத்தான். ஆண்டுக்கணக்கில் அடைப்போடு முக்கிய சிறுநீர்ப்பை தளர்ந்துவிட்டால், பிறகு அடைப்பை நீக்கினாலும் முழுப் பலன் கிடைக்காது. சிறுநீரகமும் கெடலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் போகும். உடலுக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டுவோர் மட்டும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மீதமுள்ள சுரப்பியில் புற்றுநோய் வரலாம் என்பதால் பரிசோதனையை விடக் கூடாது. சிறுநீர்த் தாரை மீண்டும் மெலிந்தால் உடனே காட்ட வேண்டும்.

பிள்ளைகளே, இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று அத்தாவிடம் கேளுங்கள். கூச்சத்தில் அவராகச் சொல்லமாட்டார். நாம்தான் அழைத்துப் போக வேண்டும்.