முறைப்பாட்டு மேசையில் ஓர் ஓய்வூதியர்



வீட்டில் களவு போய்விட்டது. பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகிறோம். நாங்கள் தமிழில் சொல்கிறோம்; எழுதுபவர் சிங்களத்தில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று விளங்காமலே கீழே கையெழுத்து வைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பலருக்கு இது பழகிப்போன விசயம். பழகியிருக்கவே கூடாது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் தமிழே. சட்டம் இருக்கிறது, தமிழில் எழுத ஆள் போதவில்லை.

ஆள் பற்றாக்குறைக்கு ஒரு வழியை வெளியே பார்க்கலாம். இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டுப் பொலிஸ் சீர்திருத்தச் சட்டம், பொலிஸ் அதிகாரி அல்லாத சிவில் ஊழியரையும் விசாரணை உத்தியோகத்தராக நியமிக்க வழிவிட்டது. ஓய்வுபெற்ற துப்பறிவாளர்கள் பலர் அப்படித்தான் திரும்பி வந்தார்கள். கைதுசெய்ய அல்ல, வாக்குமூலம் எழுத, கோவைகளை ஒழுங்குபடுத்த.

எங்கள் ஊர்களிலும் தமிழ் தெரிந்த ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சட்டம் தெரியும், ஊர் தெரியும், அழுதுகொண்டு வரும் தாயிடம் எப்படிக் கேட்பதென்றும் தெரியும். ஒவ்வொரு நிலையத்திலும் முறைப்பாட்டு மேசையில் அவர்களில் ஒருவரை இருத்தலாம். அதிகாரம் வேண்டாம், பேனை போதும். பழைய புகார் உள்ளவர்களை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

அதுவரை, நேயர்களே, உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.