திரும்பி வராத விமானங்களின் வரலாறு



இத்துறையில் என்னைவிட நெடுங்காலம் உழைத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமை இருக்கையில் நான் இருப்பது பெருமையாகவும் இருக்கிறது, சற்றுப் பதற்றமாகவும் இருக்கிறது. அழைத்தவர்களுக்கு நன்றி.

‘ஐரோப்பிய வான்போரில் நேச நாட்டு ஸ்குவாட்ரன்கள்’ என்பது மாநாட்டின் பொருள். 303ஆம் போலந்து ஸ்குவாட்ரன், 1941இன் பட் அறிக்கை, அமெரிக்க எட்டாவது விமானப்படை 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்த 1943 ஆகஸ்ட் 17 என எல்லாவற்றுக்கும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை உரியவர்களிடமே விட்டுவிடுகிறேன். என் மனத்தை நெடுநாளாக உறுத்துவது வேறு.

ஸ்குவாட்ரன் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் திறப்பது நடவடிக்கைப் பதிவேட்டை. கியூ ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 வரிசை. நம்மில் பலர் அதோடு நின்றும்விடுகிறோம். அந்தப் பதிவேடு விமானத் தளத்தில் இருந்தபடி எழுதப்பட்டது. விமானம் திரும்பினால் குழுவினர் சொன்னதை எழுதினார்கள். திரும்பாவிட்டால் எழுத அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் கடைசி மணிநேரம் பதிவேட்டில் இல்லை.

அது இருக்கும் இடம், காணாமற்போனோர் தேடல் விசாரணைப் பிரிவின் கோப்புகள். போருக்குப் பிறகு அந்த அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். மேயரை, பாதிரியாரை, குழி தோண்டியவரைக் கேட்டார்கள். சட்டைக் காலரில் இருந்த சலவைக் குறி, எஞ்சின் எண், மோதிரம் ஆகியவற்றை வைத்து இறந்தவரை அடையாளம் கண்டார்கள்.

‘அவை குடும்பங்களுக்கு ஆறுதல் தரும் தாள்கள், வரலாற்றுச் சான்றுகள் அல்ல’ என்று முன்பொரு கருத்தரங்கில் நான் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர் சொன்னார். அவருடைய நூல்களைப் படித்து வளர்ந்தவன் நான். ஆயினும் இதை ஏற்க எனக்கு வழியில்லை.

நாம் அனைவரும் அறிந்த 617ஆம் ஸ்குவாட்ரனையே பாருங்கள். 1943 மே 16 இரவு அணைகளைத் தாக்கப் புறப்பட்ட 19 லங்காஸ்டர்களில் 8 திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள். பையர்ஸ் ஓட்டிய விமானம் நெதர்லாந்துக் கரையைக் கடக்கும்போதே வீழ்ந்தது. அதிலிருந்த எழுவரில் பின்புறத் துப்பாக்கி வீரர் மெக்டவலின் உடல் மட்டும் கிடைத்து, ஹார்லிங்கனில் அடக்கமாயிற்று. மற்ற அறுவருக்குக் கல்லறை இல்லை. ரன்னிமீட் நினைவகத்தில் பெயர் மட்டும் உண்டு. பார்லோவின் விமானம் ஹால்டெர்ன் அருகே மின்கம்பியில் மோதியது. வெடிக்காத அணைக்குண்டு ஜெர்மானியரின் கையில் சிக்கியது. அந்தக் குழுவினர் முதலில் டுசெல்டார்ஃபில் புதைக்கப்பட்டு, பின்னர் ரைக்ஸ்வால்ட் போர்க் கல்லறைக்கு மாற்றப்பட்டார்கள். அன்றிரவு தளத்தில் காத்திருந்தவர்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. பாராசூட்டில் குதித்து உயிரோடு தரையிறங்கியவர்களை மக்கள் கூட்டம் அடித்துக் கொன்ற நிகழ்வுகள். 1944 டிசம்பரில் எஸ்ஸன் நகரில் மூன்று பிரிட்டிஷ் வீரர்கள் அப்படித்தான் இறந்தார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் அதை விசாரித்தது. பதிவேட்டை மட்டும் நம்பினால் இந்தக் கொலையும் ‘காணாமற்போனார்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகும். குண்டுவீச்சு தரையில் இருந்தவர்களை என்ன செய்தது என்று ஆராய்கிறோம். அந்த மக்கள் விழுந்த வீரரை என்ன செய்தார்கள் என்பதும் அதே ஆய்வின் பகுதியல்லவா?

குண்டுவீச்சுப் படையின் இழப்புகளைப் பட்டியலிட்ட சோர்லியின் தொகுதிகள் கல்லறை விவரங்களைத் தருகின்றனவே என்பார்கள். தருகின்றன, அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் உடல் எங்கே கிடைத்தது, யார் புதைத்தார், சாட்சி ஏன் இரண்டாம் முறை மாற்றிச் சொன்னார் என்பதைப் பட்டியலால் காட்ட முடியாது. அதற்குக் கோப்பைத்தான் பிரிக்க வேண்டும்.

முதல் அமர்வில் மூன்று கட்டுரைகள் இழப்பு விகிதத்தைப் பேசுகின்றன. அவற்றின் ஆசிரியர்களிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன்: உங்கள் அட்டவணையில் ‘விமான எதிர்ப்புப் பீரங்கி’ என்று காரணம் எழுதியிருக்கும் விமானங்களுள், விழுந்த இடத்தின் விசாரணையோடு ஒப்பிட்டுப் பார்த்தவை எத்தனை?