வேலை ஓய்ந்தாலும் கால்கள் ஓயக்கூடாது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)



முதுமையில் நீண்ட நாள், நலமாக, மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டணத்துப் பெரியவர்களை நினைத்தே பேசுகிறார்கள். நான் புக்கிட் ரோத்தான் வட்டாரத்துப் பெரியவர்களை நினைத்துப் பேச விரும்புகிறேன். ராஜா மூசா, சுங்கை ரம்பை, கோல்பீல்ட்ஸ் என்று கோல சிலாங்கூர் தோட்டங்களில் பால்மரம் சீவியும், காண்டா சுமந்தும், செம்பனைக் குலை வெட்டியும், மருந்தடித்தும் இந்த நாட்டை வளர்த்த கைகள் அவை.

1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, தீபகற்ப மலேசியாவில் பிறந்த ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறக்குறைய 56 ஆண்டு. பெண் குழந்தைக்கு 58. இன்று நாட்டின் சராசரி ஆயுள் சுமார் 75. டாக்டர் மகாதீர் 2025 ஜூலை மாதம் 100 வயதை எட்டியதையும் பார்த்தோம். ஆகவே, 60 வயதில் வேலையை விடுகிற ஒருவருக்கு இன்னும் பதினைந்து, இருபது ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. அந்த இருபது ஆண்டும் கால்களால் நடந்து கழியப் போகிறதா, கட்டிலில் கிடந்து கழியப் போகிறதா? கேள்வி இதுதான்.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இது சாதாரணக் கேள்வி அல்ல. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர்! 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டு விகிதம் 15.6 விழுக்காடாக இறங்கியது. அப்போதும் முதலிடம் நமக்குத்தான். வேண்டாத முதலிடம்.

உழைப்பு நின்றது, தட்டு மாறவில்லை

தோட்டத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்தவருக்கு ஏன் இந்த நோய் என்று பலர் கேட்கிறார்கள். காரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

விடியுமுன் எழுந்து பிரட்டுக் களத்துக்குப் போய், பெயர் கொடுத்து, நானூறு ஐந்நூறு மரம் சீவி, மீண்டும் நடந்து பாலெடுத்து, வாளியைத் தோளில் சுமந்து வந்த உடம்பு அது. அந்த உடம்புக்கு ஒரு குவியல் சோறு தேவைப்பட்டது. சாப்பிட்டது அத்தனையும் வேர்வையாகப் போனது. பிறகு ஓய்வு வந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கோ, அடுக்குமாடிக்கோ குடிபெயர்ந்தாயிற்று. நடை நின்றது, சுமை நின்றது. ஆனால் தட்டில் அதே குவியல்! காலையில் டின் பால் ஊற்றிய தேநீர், பத்து மணிக்கு ஒன்று, மாலையில் இன்னொன்று. இடையில் தொலைக்காட்சித் தொடர் நாடகம். உழைப்பு ஒரே நாளில் நின்றுவிட்டது; பசியும் பழக்கமும் நிற்கவில்லை. நோய் நுழைந்த வாசல் இதுதான்.

இன்னொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு உடல் பெரிதாகப் பருக்காமலேயே இனிப்பு நீர் வந்துவிடும். "நான் ஒல்லிதானே" என்று இருந்துவிட முடியாது. இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் அது எச்சரிக்கை மணி.

இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, பருப்பு. மீதி அரைப் பங்கு காய்கறி, பழம். வீட்டுப் பின்புறம் முருங்கை இருக்கிறது. கோல சிலாங்கூர் கடலில் மீன் இருக்கிறது. வயதாக ஆக உடம்பில் தசை கரையும். ஆகவே சோற்றைக் குறைக்கலாம். மீனையும் பருப்பையும் குறைக்கக் கூடாது. கருவாடும் ஊறுகாயும் தினமும் வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மீண்டும் ஒரு பிரட்டு

ஜப்பானில் 1928-ஆம் ஆண்டு முதல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பு நடக்கிறது. காலை ஆறரை மணிக்கு வானொலியில் பியானோ இசை கேட்டதும், பூங்காக்களில் கூடியிருக்கும் தாத்தாக்களும் பாட்டிகளும் ஒன்றாகக் கையைத் தூக்கி, குனிந்து, நிமிர்கிறார்கள். பத்து நிமிடம்தான். வராதவரை மறுநாள் மற்றவர்கள் விசாரிக்கிறார்கள்.

நேயர்களே, விடியற்காலையில் ஒன்றுகூடுவது நமக்குப் புதிதா? ஆண்டுக்கணக்கில் பிரட்டுக்கு எழுந்தவர்கள் நாம்! அன்று முதலாளிக்காக எழுந்தோம். இனி நமக்காக எழுவோமே. கோயில் முன் திடலிலோ, தாமான் பூங்காவிலோ ஐந்து பேர் சேர்ந்தால் போதும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைப் பயிற்சியும் தேவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்? முதுமையில் குளியலறையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடப்பதே இல்லை. வழுக்காத செருப்பு, குளியலறையில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சின்ன விளக்கு. இவற்றுக்கு ஆகும் செலவு, அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மாத்திரையா பகைவன்?

நம்மிடையே ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. "இனிப்பு நீர் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும்" என்று சொல்லி, கிளினிக்கில் வாங்கிய மாத்திரையை அலமாரியில் அடுக்கி வைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். இந்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீரால் அந்த நிலைக்கு வந்தவர்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதைவிட, தினமும் மாத்திரை விழுங்குவது பெரிய துன்பமா?

உதவித் தொகை பெறும் குறைந்த வருமானத்தினருக்கு 2019 முதல் 'பேக்கா பி40' திட்டம் இருக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பதிவு பெற்ற கிளினிக்குகளில் இலவச உடற்பரிசோதனை. நம்மவர் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. பிள்ளைகளே, கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, அப்பா அம்மாவை அழைத்துப் போங்கள்.

தோட்டத்தில் மருந்தடித்த தாய்மார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி முதல் நாளில்தான். அதற்கு முன் பல்லாண்டு அதைத் தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். மருத்துவரிடம் போனால், "நான் இத்தனை வருடம் மருந்தடித்தேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ, ஆறாத தோல் தொல்லையோ இருந்தால் மறைக்காதீர்கள்.

கண்ணையும் காதையும் சோதியுங்கள். உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் அறிவித்தது. அதற்கான காரணங்களில் கவனிக்கப்படாத செவிக் குறைவும் பார்வைக் குறைவும் உண்டு. காது கேட்காத பெரியவர் பேச்சைக் குறைப்பார். பேச்சு குறைந்தால் மனம் சுருங்கும். மனம் சுருங்கினால் மூளையும் சோரும். மதுவைப் பற்றி ஒரே வார்த்தை: எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. சம்சுவைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா?

லயத்துத் திண்ணை எங்கே போனது?

லயத்தில் வசதி குறைவு, மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலத் திண்ணை இருந்தது. காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக் கஞ்சி வந்தது. வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற தோட்ட நடைமுறை, கூரையோடு அந்த உறவையும் பறித்துவிட்டது. வட சிலாங்கூரில் மேரி, மின்யாக், சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடிக் காத்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காத்திருப்பில் முதுமையைக் கழித்தவர்கள் எத்தனை பேர்! நிலையான கூரை இல்லாதவருக்கு நீண்ட ஆயுள் என்பது நீண்ட கவலைதான். ஆகவே, வீட்டுரிமையும் சுகாதாரப் பிரச்சினையே என்று நான் சொல்வேன்.

தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் உலகில் ஆண்டுக்கு 8 இலட்சத்து 71 ஆயிரம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938 முதல் மனிதர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து ஆராய்கிறது. நல்ல உறவுகளே மனிதனை முதுமையில் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் வைத்திருக்கின்றன என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு.

ஆகவே, ஆலய நிர்வாகத்தினரே, உங்கள் மண்டபம் திருமணம் இல்லாத நாட்களில் பூட்டித்தானே கிடக்கிறது? வாரம் ஒரு காலை அதைப் பெரியவர்களுக்குத் திறந்து விடுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு கருவி, பத்து நாற்காலி, பால் குறைத்த தேநீர் போதும். சமூகநல இலாகாவின் ஆதரவில் 'பாவே' எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களும் இயங்குகின்றன, விசாரித்துச் சேருங்கள். வருமானமும் ஆதரவும் இல்லாத 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதே இலாகா வழங்கும் மாத உதவித் தொகை, 2025 முதல் 600 வெள்ளி. அது பிச்சை அல்ல. வெட்கப்படாமல் மனுச் செய்யுங்கள்.

பெரியவர்களே, சேமநிதிப் பணத்தை ஒரே கல்யாணத்தில் கரைத்துவிட்டு, பிறகு மருந்துக்குப் பிள்ளையிடம் கையேந்தாதீர்கள். பிள்ளைகளே, பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ இருந்தாலும் தினம் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காமல், "இன்று நடந்தீங்களா? மாத்திரை போட்டீங்களா? யாரோடு பேசினீங்க?" என்று கேளுங்கள்.

ஆயுளை நீட்டும் வேலையை மருத்துவம் ஓரளவு செய்துவிட்டது. அந்த ஆயுளுக்கு நலம் சேர்க்கும் வேலை நம் தட்டிலும், நம் கால்களிலும், நம் அண்டை வீட்டிலும் இருக்கிறது. நாளை காலை ஆறரை மணிக்கு உங்கள் தெருவில் யார் முதலில் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரை நடக்கக் கூப்பிடப் போகிறீர்கள்?