இரண்டு யூனிஃபார்ம்

(சபை ஆண்டு விழாவில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் பேசியது)

 

பிள்ளைகளே, போர்ட்ஸ்டூவர்ட் கடற்கரைக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். பாறை உச்சியில் அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி ஒரு பள்ளிக்கூடம் நிற்கிறதே, அதுதான் டொமினிக்கன் கல்லூரி. மணப்பாட்டில் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது. அங்கே 1834-இல் ஓஹாரா என்பவர் கட்டிய மாளிகையில், 1917-இல், முதல் உலகப்போர் நடந்த நாட்களில், டொமினிக்கன் கன்னியர் பள்ளி தொடங்கினார்கள். இன்று ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும், நம்மைப்போல் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அங்கே படிக்கிறார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்காக ஒரு வார்த்தை. இது கிராமர் ஸ்கூல். வட அயர்லாந்தில் பத்து, பதினொரு வயதிலேயே பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு எழுத வேண்டும். நவம்பரில் தேர்வு, ஜனவரி கடைசியில் மதிப்பெண். அதை வைத்துத்தான் பெரும்பாலும் இடம்.

என் மகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. பிறகு மகன் எழுதினான். அவனுக்கு மதிப்பெண் போதவில்லை.

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிடும்போது ஒரு சகோதரி கேட்டார்கள்: "தம்பியும் அங்கேதானே அக்கா?" நான் சட்டென்று, "இல்லம்மா, அவனுக்கு அந்த ஸ்கூல் பிடிக்கலை. நாங்க கேட்கவே இல்லை" என்றேன். கையில் தட்டோடு அவன் என் பின்னால்தான் நின்றிருக்கிறான்.

காரில் கேட்டான்: "அம்மா, எனக்கு அந்த ஸ்கூல் ரொம்பப் பிடிச்சுது. ஏன் அப்படிச் சொன்னீங்க? என்னால உங்களுக்கு வெட்கமா?"

லண்டனில் பயிற்சி முடித்த நாளிலிருந்து நோயாளிகளிடம் உண்மையை மறைக்காத நர்ஸ் நான். என் பிள்ளைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

டொமினிக்கன் துறவிகளின் குறிக்கோள் ஒரே சொல்: சத்தியம். என் பிள்ளைகள் இருவரும் அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். அவர்கள் கொண்டாடும் சியன்னா நகரத்துக் கத்தரீனாள் பள்ளிக்கூடமே போகாதவர். கொள்ளைநோயில் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்தவர். அவரைத்தான் 1970-இல் கத்தோலிக்கத் திருச்சபை மறைவல்லுநர் என்று அறிவித்தது.

அன்று இரவு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரியிடமும் உண்மையைச் சொன்னேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டிலும் அப்படித்தான் அக்கா, வெளியே சொல்லலை" என்றார்கள்.

இந்த நவம்பரில் எழுதப்போகும் பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள். ஆனால் அந்த மதிப்பெண், தேர்வு அன்று நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் யார் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

பெற்றோரே, ஜனவரி மாதத்தில் "எத்தனை மார்க்?" என்று கேட்காதிருப்போம். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்போம்.

இப்போது ஞாயிறு இரவுகளில் இரண்டு யூனிஃபார்ம் இஸ்திரி போடுகிறேன். நிறம் வேறு, பள்ளி வேறு. இரண்டையும் ஒரே சந்தோஷத்தோடு போடக் கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவருக்கே மகிமை.