ஐப்பசி மழையும் நம் முற்றத்து உயிர்களும்

(மகாவீரர் முக்தி நாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறநூல்களை விரித்துரைக்கும் தகுதி உடையோர் இவ்வவையில் பலர் உள்ளனர். நான் அவர்களுள் ஒருவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்து, பணியின் பொருட்டுத் தாம்பரம் வந்து, சேலையூரில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன். வீட்டைச் சுற்றி ஒரு சிறு தோட்டம் உண்டு. ஒரு முருங்கை, ஒரு வேம்பு, கறிவேப்பிலை, எலுமிச்சை, நந்தியாவட்டை, பவழமல்லி ஆகியவையே அதன் செல்வம். அத்தோட்டம் எனக்குக் கற்பித்ததையும், நான் அதற்குச் செய்த பிழையையும் உங்கள் முன் வைக்கவே வந்துள்ளேன்.

இன்று வைகறையில் நிர்வாண பூசையை நிறைவேற்றினோம். ஆஷாடப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கிய முனிவர்களின் மழைக்கால நோன்பும் இந்நாளை ஒட்டி நிறைவு பெறுகின்றது. அந்நோன்பின் காரணம் நாம் அனைவரும் அறிந்ததே. மழைக்காலத்தில் புல்லும் பாசியும் தளிர்க்கும்; புழுவும் பூச்சியும் வழியெங்கும் பெருகும். நடப்போர் காலடியில் அவை மடியாதிருக்கும் பொருட்டு, ஊர் ஊராய்ச் செல்லும் துறவியர் ஓரிடத்தில் தங்குகின்றனர்.

இங்கே நான் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். நாட்டின் பெரும்பகுதிக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. நமக்கோ ஆடி, ஆவணி மாலைகளில் இடியுடன் சில மழைகள் வாய்க்குமேயன்றி, பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கின்றது. அது வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறை கணக்கிட்டுள்ளது. சென்னைப் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்திற்கே உரியது. அஃதாவது, துறவியரின் மழைக்கால நோன்பு நிறைவுறும் நாளை ஒட்டியே நம் மண்ணின் மழைக்காலம் தொடங்குகின்றது. அவர்கள் நோன்பு முடித்து நடக்கத் தொடங்கும்போது, நம் முற்றத்து உயிர்கள் கண் விழிக்கின்றன. அவ்வுயிர்களின் பொருட்டு இனி நோன்பு காக்க வேண்டியவர் யார்? இல்லறத்தில் உள்ள நாமே அன்றோ?

இதை நான் உணர்ந்தது நல்ல வழியில் அன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. எங்கள் தெருவிலும் நீர் ஏறியது. நீர் வடிந்தபின் முற்றத்துச் சேற்றில் ஒரு பாம்பைக் கண்டோம். வீட்டார் அஞ்சினர், நானும் அஞ்சினேன். அடுத்த கோடையில் ஆள் வைத்து முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் இட்டேன். அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் முருங்கையும் முறிந்து விழுந்தது. அடிக்கட்டை மட்டும் எஞ்சியது. முற்றம் துடைத்து வைத்தாற்போல் தூய்மையாக இருந்தது.

அதன்பின் வந்த மழைக்காலங்களில் ஒவ்வொரு மழை நின்ற காலையிலும் அத்தளத்தின்மேல் மண்புழுக்கள் கிடந்தன. மதிலோரத்து ஈரமண்ணிலிருந்து வெளிவந்தவை, திரும்பிச் செல்ல மண் இன்றி, வெயில் ஏறியதும் காய்ந்து மடிந்தன. என் துணைவியார் அவற்றை இலையில் ஏந்திச் சென்று செடித் தொட்டிகளில் விடுவார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தை உடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. எங்கள் கிணறும் வறண்டது. மழைநீர் இறங்க வழி இல்லாமல் அடைத்தவன் நானே என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நடைபாதை மட்டும் விட்டு, மற்றத் தளத்தை உடைத்தெடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமாயின், உயிர்களின் பொருட்டு நான் அதை உடைக்கவில்லை. என் தாகத்தின் பொருட்டே உடைத்தேன். அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் முற்றத்திற்குத் திரும்பி வந்தவற்றை, நம் நூல்கள் வகுத்த முறையில், ஓரறிவு முதலாக எண்ணத் தொடங்கினேன்.

ஓரறிவு உயிர்களாகிய செடி கொடிகள் முதலில் வந்தன. விதைக்காமலே கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் குப்பைமேனியும் முளைத்தன. வெட்டுண்ட முருங்கைக் கட்டை தளிர்த்து மீண்டும் மரமாயிற்று. பவழமல்லி மழைநாள்களில் இரவில் மலர்ந்து, விடியும்போது தானே உதிர்கின்றது. பறிக்கும் வினை இன்றியே பூசைக்குப் பூ கிடைக்கின்றது.

ஈரறிவு உடையன மண்புழுவும் நத்தையும். மண்புழு இலைச் சருகை உண்டு மண்ணாக்குகின்றது. அது குடையும் துளைகளின் வழியே மழைநீர் கீழிறங்குகின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருவில் நீர் தேங்கியது உண்மை. ஆயினும் தெருநீர் வடிந்தபின் எங்கள் முற்றத்து நீர் விரைவில் மண்ணுள் இறங்கியது. நான் கைவிட்ட உயிர்கள் எனக்கே உதவின.

மூவறிவு உடையன எறும்பும் கறையானும். முதல் மழைக்குப் பிந்திய மாலையில் புற்றிலிருந்து எழும் ஈசல், சிறகு முளைத்த கறையானே. புதிய குடி அமைக்கப் புறப்பட்டது, நம் வாயில் விளக்கைக் கண்டு வழி மாறி, விடியும்முன் குவியலாக மடிகின்றது. பொழுது சாயுமுன் உண்ணுதல் என்னும் நம் குல ஒழுக்கத்தின் பொருள் அந்த மாலைகளில் தெளிவாக விளங்கும். உணவில் பூச்சி விழாதிருப்பது ஒரு பயன். விளக்கை நோக்கி அவை வாராதிருப்பது மற்றொரு பயன். ஈசல் எழும் மாலையில் புறவிளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வைத்தால் போதும்.

நாலறிவு உடையன வண்டும் வண்ணத்துப்பூச்சியும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல் ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் தட்டிவிட வேண்டா. அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. நந்தியாவட்டை இலையில் நீலக் கண் போன்ற இரு பொட்டுகளுடன் பருத்த பச்சைப் புழு ஒன்று இருக்கும். அது வளர்ந்து, அந்தியில் மலர்முன் நின்றவாறே பறந்து தேன் உண்ணும் அந்துப்பூச்சி ஆகும். சில கிளைகளை அவற்றுக்கு விட்டுவிடுகின்றோம். எங்கள் சமையலுக்கு இதுவரை கறிவேப்பிலை குறைந்ததில்லை.

இவ்வரிசையில் கடினமான சோதனை முருங்கைக் கம்பளிப்பூச்சியே. மழைக்காலத்தில் அவை அடிமரத்தில் அடையடையாக ஒட்டியிருக்கும். மேனியில் பட்டால் தடித்து அரிக்கும். பந்தம் கொளுத்திச் சுடுவது நம் ஊர்களில் உள்ள வழக்கம். அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டதால் நானும் ஒருமுறை அதற்கு ஆள் தேடினேன். அப்போது என் பேத்தி, "தாத்தா, நாம் கொளுத்தாமல் ஆளை வைத்துக் கொளுத்தினால் பாவம் இல்லையா?" என்று கேட்டாள். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்று பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். எவரும் அணுகாதவாறு சில வாரம் விட்டுவைத்தோம். மதிலுக்கு அப்பால் நீண்ட கிளைகளைப் புழு ஏறாத நாளிலேயே கழித்துவிடுவதாக அண்டை வீட்டாருக்கு வாக்களித்தேன். புழுக்கள் இலையை உண்டு, மண்ணில் இறங்கிக் கூடு கட்டின. செம்போத்து நாள்தோறும் வந்தது. மொட்டையாய் நின்ற முருங்கை தை பிறந்தபின் தளிர்த்தது, பங்குனியில் காய்த்தது.

ஐயறிவு உடையன பறவையும் தவளையும் பாம்பும். ஐப்பசியை ஒட்டி ஆறுமணிக்குருவி வரும். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை அது. பயணக் களைப்பில் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிடுவது உண்டு. அது மரக்கிளையில் இரை தேடுவதில்லை. நிலத்தில் கிடக்கும் சருகைக் கிளறியே பூச்சிகளை உண்கின்றது. நாம் சருகைக் கூட்டி எரித்துவிட்டால், அத்தனை தொலைவு பறந்து வந்த விருந்தினருக்கு வெறும் தரைதான் எஞ்சும். சருகை ஒரு மூலையில் குவித்து வைத்தால் அது எருவும் ஆகும், இரைக்களமும் ஆகும்.

பாம்பைக் குறித்து ஒரு செய்தி. கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணை, ரோமுலஸ் விட்டேக்கர் அவர்களால் முதன்முதலில் நம் சேலையூரில்தான் அமைக்கப்பட்டது. 1972இல் கிண்டிக்கு மாறியது. பின்னர் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தோர், இன்று நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து ஆகின்றது. ஆகவே, வீட்டில் பாம்பு புகுந்தால் தடியைத் தேட வேண்டா. குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்பினால் போதும். அஞ்சுவது இயல்பு, அச்சத்தால் முற்றத்தையே கல்லாக்குவதுதான் என் பிழை.

கொசுவுக்கு என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பது எனக்குப் புரிகின்றது. நோய்க்கு இடம் தருவது அறம் ஆகாது. பிறந்தபின் கொல்வதினும், பிறக்க இடம் தராமல் இருப்பதே நம் வழி. மழை தொடங்கும் முன்பே தேங்காய்ச் சிரட்டைகளையும் பூந்தொட்டியின் அடித்தட்டுகளையும் கவிழ்த்து வைப்பதும், தண்ணீர்த் தொட்டியைத் துணியிட்டு மூடுவதும் பெரும் பயன் தரும். என் தாயார் கிணற்று நீரைத் துணியில் வடித்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அதே கிணற்றில் திரும்ப விடுவார். அந்த ஒரு கணப் பொறுமைதான் நாம் அவரிடம் கற்க வேண்டியது.

இல்லறத்தார் எவ்வுயிருக்கும் ஊறு இன்றி வாழ்தல் இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்தே இருந்தனர். சமைத்தலிலும் உழுதலிலும் நேரும் கொலை வேறு. எண்ணித் துணிந்து செய்யும் கொலை வேறு என்று வகுத்தனர். அதனோடு நில்லாது, அனர்த்த தண்டம் என ஒன்றையும் விலக்கினர். பயன் இன்றி நிலத்தைத் தோண்டுவதும், நீரைக் கொட்டுவதும், தீ மூட்டுவதும், செடி கொடிகளை ஒடிப்பதும் அதன்பாற்படும். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டகமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் கூறும் அறம் இது. நம் முன்னோர் ஏர் பிடித்தபோது கொண்ட கொலை வயிற்றின் பொருட்டு நேர்ந்தது. நான் சிமெண்டு இட்டபோது நேர்ந்த கொலை எதன் பொருட்டு? தரை தூய்மையாகத் தோன்ற வேண்டும் என்பதன் பொருட்டே.

ஆகவே, அன்பர்களே, இந்நன்னாளில் ஒரு சிறு விண்ணப்பம். இன்று தொடங்கித் தை பிறக்கும் வரை நம் இல்லங்களிலும் ஒரு மழைக்கால நோன்பு இருக்கட்டும். சருகு எரியாதிருக்கட்டும், பந்தம் ஏந்தாதிருப்போம், மருந்து தெளிக்க ஆள் வைக்காதிருப்போம், நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்போம். மனை சிறிதாயினும் ஒரு பாகம் மண்ணாகவே இருக்கட்டும். அடுக்குமாடியில் வாழ்வோர் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்து, அதில் வரும் புழுவைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

நேற்றிரவு சிறு மழை பெய்தது. இன்று பூசைக்குப் புறப்படுகையில் நடைபாதையின்மேல் ஒரு மண்புழு கிடந்தது. இம்முறை துணைவியாருக்கு முன்பே நான் குனிந்தேன்.

வாழ்க அருகன் அறம்.